கணித மேதைகள்: சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் படிப்பகத்தில் சனிக்கிழமை காலையில் தரம் 9 முதல் உயர்தரம் வரையான பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் முடிந்து பிளேன்டீ குடிக்கும் நேரத்தில்தான் நல்ல கேள்விகள் வரும். பாடப் புத்தகத்தில் பார்த்த பெயர், போனில் வந்த வீடியோ, அண்ணன் சொன்ன கதை என்று எங்கிருந்தோ ஒரு சந்தேகம் கிளம்பும். சில நேரம் பிள்ளையை அழைத்துப் போக வரும் அம்மாவோ தாத்தாவோ கேட்பார்கள்.

ஒரே கேள்விக்கு வருஷா வருஷம் பதில் சொல்லி வந்ததால், எல்லாவற்றையும் ஓர் இடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

உலகத்திலேயே பெரிய கணித மேதை யார் டீச்சர்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்க.

ஒரே பெயர் என்றால் பலரும் ஆர்க்கிமிடீஸ், நியூட்டன், காஸ் மூவரில் ஒருவரைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் லெயோனார்ட் ஆய்லர் என்பேன். 1707ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்து, ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் பெர்லினிலும் வேலை செய்து, 1783ல் இறந்தவர். நீங்கள் எழுதும் f(x), கூட்டுத்தொகைக்குப் போடும் Σ, உயர்தரத்தில் வரும் e, i எல்லாம் அவர் வழக்கில் கொண்டு வந்த குறியீடுகள். π என்ற குறியை அவருக்கு முன்பே ஒருவர் பயன்படுத்தியிருந்தாலும், உலகம் முழுக்கப் பரவியது ஆய்லர் எழுதியதால்தான். 1738ல் அவருக்கு வலக்கண் பார்வை போனது. 1766க்குப் பிறகு மற்றக் கண்ணும் போய்விட்டது. அதன் பிறகும் மகன்மாரிடமும் உதவியாளர்களிடமும் வாயால் சொல்லி எழுத வைத்தார். 1775ஆம் ஆண்டில் சராசரியாக வாரத்துக்கு ஒரு கட்டுரை.

அவருடைய ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏன் அவரைப் பிடிக்கும் என்று புரியும். கோனிக்ஸ்பேர்க் என்ற ஊரில் ஆறு நிலத்தை நாலு துண்டாகப் பிரித்தது. துண்டுகளை 7 பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா என்று ஊரார் நடந்து நடந்து பார்த்தார்கள். ஆய்லர் நடக்கவே இல்லை. நடுவில் வரும் எந்த நிலத்துக்கும் உள்ளே போக ஒரு பாலம், வெளியே வர ஒரு பாலம் என்று சோடியாக வேண்டும். அதனால் ஒற்றை எண்ணிக்கையில் பாலம் உள்ள நிலம் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டுமே இருக்க முடியும் என்றார். கோனிக்ஸ்பேர்க்கில் நாலு நிலத்துக்கும் ஒற்றை எண்ணிக்கைதான். ஆக, முடியாது. 1736ஐ ஒட்டி எழுதிய இந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்றைக்கு வலையமைப்புகளை ஆராயும் ஒரு பெரிய துறையே வளர்ந்தது. நம் தோட்டத்தின் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, பெக்டரி, கோயில் நாலையும் இணைக்கும் பாதைகளைக் கீறி இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கணித மேதைன்னா மனக்கணக்கு வேகமாப் போடுறவர்தானே?

இல்லை. வேகமாகக் கணிப்பது தனித் திறமை. சகுந்தலா தேவி 1980ல் இரண்டு 13 இலக்க எண்களை 28 செக்கனில் பெருக்கிச் சொன்னார். அது அபூர்வமான வரம்தான். ஆனால் கணித மேதை செய்வது வேறு வேலை: எந்த எண்ணுக்கும், எந்தக் காலத்துக்கும், இது இப்படித்தான் இருக்கும் என்று காரணத்தோடு நிறுவுவது. தோட்டத்தில் கணக்குப்பிள்ளை என்ற பெயர் இருப்பதால் கணக்கு என்றாலே கிலோவையும் பேரையும் கூட்டுவது என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். கூட்டுவது கணக்கின் முதல் படி.

நிறுவல் என்றால் என்ன என்பதற்கு யூக்ளிட்டிடம் போவோம். கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் இருந்தவர். 13 பகுதிகள் கொண்ட பெரிய நூலில் அதுவரை தெரிந்த கேத்திரகணிதத்தையும் எண் கணிதத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்படி அடுக்கி வைத்தார். அதில் ஒன்று: முதன்மை எண்களுக்கு, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும் 2, 3, 5, 7 போன்ற எண்களுக்கு, முடிவே இல்லை. "எல்லா முதன்மை எண்களும் என்னிடம் இருக்கின்றன" என்று யாராவது ஒரு பட்டியலை நீட்டினால், அதிலுள்ள எல்லாவற்றையும் பெருக்கி 1ஐக் கூட்டுங்கள். வரும் எண்ணைப் பட்டியலில் உள்ள எதால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அதை வகுக்கும் முதன்மை எண் பட்டியலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். 2, 3, 5, 7, 11, 13 எல்லாவற்றையும் பெருக்கி 1ஐக் கூட்டினால் 30031; அது 59 × 509. இரண்டும் பட்டியலில் இல்லாத முதன்மை எண்கள். இந்த நிறுவலுக்கு 2300 வயது, இன்றும் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை.

பைதகரஸ் தேற்றத்தைக் கண்டுபிடிச்சது பைதகரஸ் இல்லையாமே?

உண்மைதான். பைதகரஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்காரர். அதற்கு ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே, கி.மு. 1800ஐ ஒட்டிப் பாபிலோனியர் எழுதிய களிமண் பலகையொன்றில் இந்த உறவைப் பின்பற்றும் எண் தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. இந்தியாவில் வேள்விப் பீடம் கட்டுவதற்கான அளவு முறைகளைச் சொல்லும் பௌதாயனரின் சூத்திரங்களிலும் இதே கூற்று வருகிறது. பைதகரஸ் தன் கையால் எழுதிய எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. முன் கேள்வியில் சொன்ன யூக்ளிட்டின் நூலில், முதல் பகுதியின் 47ஆவது கூற்றாகத்தான் தெளிவான நிறுவல் நம் கைக்கு வந்திருக்கிறது.

இதைச் சொன்னபோது ஒரு பையன், "எங்க அப்பா மேசன் வேலை. சுவருக்கு மூலை பிடிக்க 3 அடி, 4 அடி அளந்து, குறுக்கே 5 வருதான்னு பார்ப்பாரு" என்றான். அவன் அப்பாவுக்குத் தெரிந்திருப்பது, பாபிலோனியருக்குத் தெரிந்திருந்த அதே விஷயம். 3, 4, 5க்குச் சரி, ஆனால் எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் சரியா, ஏன் சரி என்று கேட்கும் இடத்தில்தான் யூக்ளிட் வருகிறார்.

பூச்சியத்தைக் கண்டுபிடிச்சது ஆரியபட்டரா?

பலர் அப்படிச் சொல்கிறார்கள், பேச்சுப் போட்டியிலும் சொல்கிறார்கள். கொஞ்சம் திருத்த வேண்டும். ஆரியபட்டர் 476ல் பிறந்து 499ல் தன் நூலை எழுதினார். இடமதிப்பு முறையை நன்றாகக் கையாண்டார். வெற்றிடத்தைக் காட்ட ஒரு குறி போடும் வழக்கம் பாபிலோனியரிடமும் மாயர்களிடமும்கூட இருந்தது. ஆனால் பூச்சியத்தையும் ஓர் எண்ணாக எடுத்து, கூட்டினால் என்ன வரும், பெருக்கினால் என்ன வரும் என்று விதி எழுதியவர் பிரம்மகுப்தர், 628ல்.

அதே நூலில் மறை எண்களுக்கும் விதி எழுதினார். நேர் எண்ணைச் சொத்து என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் சொன்னார். கடனைக் கழித்தால் சொத்து கூடும், அதாவது மறையைக் கழித்தால் கூட்டல். இதைத் தரம் 7 பிள்ளைக்குப் புரிய வைக்க நான் சம்பளத் துண்டைத்தான் எடுப்பேன்: பிடித்துக் கொண்டிருந்த முற்பணம் இந்த மாதம் இல்லையென்றால் கையில் வருவது கூடும் இல்லையா?

பிரம்மகுப்தர் ஓரிடத்தில் தவறினார். 0 ÷ 0 = 0 என்று எழுதிவிட்டார். 6 ÷ 0 என்றால், எதை 0ஆல் பெருக்கினால் 6 வரும் என்று பொருள், எதுவும் வராது. 0 ÷ 0 என்றால் எந்த எண்ணை வைத்தாலும் பொருந்தும். ஒரே விடை கிடையாது. அதனால்தான் பூச்சியத்தால் வகுப்பதையே விட்டுவிடுகிறோம். மேதையும் பிழை விடலாம், நிறுவல்தான் அதைக் காட்டிக் கொடுக்கும்.

அல்ஜீப்ராங்கிறது யாரோட பெயர்?

பெயரல்ல, ஒரு நூலின் தலைப்பில் இருந்த அரபுச் சொல். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி சமன்பாடுகளைத் தீர்க்கும் வழிகளை ஒழுங்காக எழுதினார். அந்தத் தலைப்பிலிருந்த "அல் ஜப்ர்" என்ற சொல், கழிக்கப்பட்ட உறுப்பை மறு பக்கத்துக்குக் கொண்டு போய்ச் சரி செய்வதைக் குறிக்கும். நாம் அட்சரகணிதம் என்கிறோம். அல்கோரிதம் என்ற சொல்தான் அவருடைய பெயரிலிருந்து வந்தது. இந்திய எண் முறையை அவர் விளக்கி எழுதியது அரபு உலகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. இத்தாலியரான ஃபிபொனாச்சி 1202ல் எழுதிய நூல் அதை வணிகர்களிடம் கொண்டு சேர்த்தது.

π என்றால் 22/7தானே? ஏன் சில கணக்கில் 3.14ன்னு போடச் சொல்றாங்க?

இரண்டுமே அண்ணளவுதான். 22/7ஐ வகுத்தால் 3.142857 என்று போகும், π 3.141592 என்று போகும். இந்த 22/7 நமக்கு ஆர்க்கிமிடீஸ் கொடுத்த எல்லை. அவர் இன்றைய இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில், சிரக்கூஸ் நகரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பல்கோணிகளை வைத்துக் கணித்து, π 3 10/71ஐ விடப் பெரியது, 3 1/7ஐ விடச் சிறியது என்று நிறுவினார். பூச்சியமும் தசமமும் இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார். நான் எப்போது நினைத்தாலும் அசந்து போகும் வேலை இது. பிறகு ஆரியபட்டர் 62832/20000, அதாவது 3.1416 என்று கொடுத்தார், அது அண்ணளவு என்றும் சேர்த்தே சொன்னார்.

ஆர்க்கிமிடீஸ் தனக்கே மிகப் பிடித்ததாக நினைத்தது வேறு. ஓர் உருளைக்குள் சரியாகப் பொருந்தும் கோளத்தின் கனவளவு அந்த உருளையின் கனவளவில் மூன்றில் இரண்டு. உருளையின் கனவளவு 2πr³ என்று போட்டு அதில் 2/3 எடுத்துப் பாருங்கள். நீங்கள் பரீட்சைக்கு மனனம் செய்யும் 4/3 πr³ வந்துவிடும். தன் கல்லறையில் அந்த உருவத்தைப் பொறிக்கச் சொன்னாராம். ஏறக்குறைய 140 வருஷங்கள் கழித்து ரோமரான சிசரோ புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை, அந்த உருவத்தை வைத்தே அடையாளம் கண்டார்.

மடக்கை அட்டவணையை யார் செஞ்சது? ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துது?

ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் நேப்பியர் ஏறக்குறைய 20 வருஷம் உட்கார்ந்து கணித்து 1614ல் வெளியிட்டார். பெரிய எண்களைப் பெருக்குவதைக் கூட்டலாக மாற்றினால் வானியலாளருக்கும் மாலுமிக்கும் பாடு குறையும் என்பதுதான் நோக்கம். லண்டனில் இருந்த ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடிப் போய்ப் பேசி, 10ஐ அடியாக வைக்கும் முறையை இருவருமாக முடிவு செய்தார்கள். 1624ல் பிரிக்ஸ் 30,000 எண்களுக்கு 14 தசம தானம் வரை அட்டவணை போட்டார். நீங்கள் நாலு தானம் பார்க்கும்போதே கண் வலிக்கிறது என்கிறீர்கள். அவர்கள் அதைக் கையால் கணித்தார்கள்.

நுண்கணிதம் நியூட்டன் கண்டுபிடிச்சதா, லைப்னிட்ஸ் கண்டுபிடிச்சதா? அண்ணன் கேரளான்னு சொல்றாரு.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. முதலில் நுண்கணிதம் எதற்கு என்று பார்ப்போம். நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல நோக்கிக் கோச்சி (ரயில்) மலை ஏறும்போது வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். போன தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். இந்த வளைவில், இந்தக் கணத்தில் என்ன வேகம்? கணத்துக்கு நீளமே இல்லையே, எதால் வகுப்பது? நேரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் விடை எதை நெருங்குகிறது என்று பார்ப்பது வகையீடு. வேகத்திலிருந்து திரும்பத் தூரத்தைக் கட்டுவது தொகையீடு.

1665, 1666ல் கொள்ளை நோயால் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நியூட்டன் ஊருக்குப் போய் இந்த வேலையைத் தொடங்கினார். ஆனால் அச்சில் போடவில்லை. ஜெர்மனியின் லைப்னிட்ஸ் தானாகவே அதே இடத்துக்கு வந்து 1684ல் வெளியிட்டார். dy/dx என்று நாம் எழுதுவதும், நீண்ட S போன்ற தொகையீட்டுக் குறியும் லைப்னிட்சுடையவை. யார் முதல் என்ற சண்டையை லண்டன் ராயல் சொசைட்டி விசாரித்து நியூட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போது அதன் தலைவரே நியூட்டன்தான், அறிக்கையை எழுதியதும் அவர்தான். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தப் பிடிவாதத்தில் இங்கிலாந்து லைப்னிட்சின் குறியீட்டை ஒதுக்கி, ஏறக்குறைய நூறு வருஷம் ஐரோப்பாவுக்குப் பின்னால் நின்றது.

அப்புறம் கேரளா. சங்கமகிராமத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டிலேயே π/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 என்று முடிவில்லாமல் போகும் தொடரைக் கண்டார்; சைன், கோசைனுக்கும் கண்டார். அவர் வழியில் வந்த ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய நூலில் நிறுவல்களும் இருக்கின்றன. நியூட்டன், லைப்னிட்ஸ் இருவரும் செய்தது, எல்லா வளைகோட்டுக்கும் ஒரே முறை, வகையீடும் தொகையீடும் ஒன்றுக்கொன்று எதிர்ச் செயல் என்ற பொது அமைப்பு. அது கேரளத்தில் நடக்கவில்லை. மாதவரின் பெருமைக்கு அவர் செய்ததே தாராளமாகப் போதும், இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

காஸ் சின்னப் பையனா இருக்கும்போது 1இலிருந்து 100 வரை கூட்டினது உண்மையா?

வகுப்பில் வாத்தியார் கொடுத்த கூட்டலை ஒரே நொடியில் முடித்தார் என்பது காஸ் இறந்த மறு வருடம், 1856ல் அவருடைய நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அது ஒரு கூட்டல் விருத்தி, அதாவது சம இடைவெளியில் கூடிப் போகும் எண் வரிசை, என்றுதான் அதில் சொல்லப்படுகிறது. 1இலிருந்து 100 என்பது பிறகு வந்தவர்கள் சேர்த்தது. வழி இதுதான்: 1ஐயும் 100ஐயும் கூட்டினால் 101, 2ஐயும் 99ஐயும் கூட்டினால் 101, இப்படி 50 சோடி, ஆக 5050. கூட்டல் விருத்தியில் நீங்கள் பாடமாக்கும் n(n+1)/2 இதுவேதான்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அடுத்து நடந்தது. காஸின் அப்பா தோட்ட வேலை, கொத்து வேலை செய்த ஏழை. மகனும் கைத்தொழிலுக்கே போவான் என்று நினைத்தார். அந்த வாத்தியார் நல்ல கணிதப் புத்தகம் வரவழைத்துக் கொடுத்தார், உதவி ஆசிரியர் அவனோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தார், பிறகு பிரன்ஸ்விக் பிரபு படிப்புச் செலவை ஏற்றார். 1796ல், 19 வயது நிறையும் முன், 17 பக்க ஒழுங்கான பல்கோணியை வரைகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று நிறுவினார். கிரேக்கர்களுக்குப் பின் 2000 வருஷமாக அந்த வகையில் புதிதாக யாரும் ஒன்றும் சேர்த்திருக்கவில்லை. 1801ல் எண் கோட்பாட்டின் அடிப்படை நூல் வெளியானது. அதே வருஷம், கண்டுபிடித்த சில வாரங்களில் பார்வையிலிருந்து தொலைந்த சீரிஸ் என்ற சிறுகோள் எங்கே தெரியும் என்று கணித்துச் சொன்னார். சொன்ன இடத்துக்கு அருகிலேயே கிடைத்தது.

ராமானுஜன் பரீட்சையில பெயிலானவராமே. அப்போ நானும் கணக்கு மட்டும் படிச்சாப் போதும்தானே?

இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஸ்ரீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா துணிக்கடையில் கணக்கெழுதியவர். கல்லூரியில் உதவிப்பணம் கிடைத்தது. கணிதத்தைத் தவிர வேறொன்றையும் படிக்காததால் அது பறிபோனது. பிறகு சென்னையிலும் பரீட்சையில் தேறவில்லை. அதற்குப் பின் வந்த வருஷங்கள் பட்டினியும் நோயுமாகப் போயின. கடதாசி வாங்கப் பணமில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. ஆகவே பெயிலானது அவருக்கு உதவவில்லை மகனே, அவரை வதைத்தது. மற்றப் பாடங்களையும் படி.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் கிடைக்கவில்லை. ஹார்டி புரிந்துகொண்டார். 1914ல் ராமானுஜன் இங்கிலாந்து போனார். 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு 1919ல் திரும்பி, 1920 ஏப்ரல் 26ல், 32 வயதில் சென்னையில் இறந்தார்.

செய்த வேலைக்கு ஓர் உதாரணம். 4 டொபியை எத்தனை விதமாகக் குவியல்களாக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 100 டொபி என்றால் 19,05,69,292 விதம். இந்த எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்பதற்கு யாரிடமும் நல்ல சூத்திரம் இருக்கவில்லை. ராமானுஜனும் ஹார்டியும் 1918ல் கொடுத்தார்கள். அவர்கள் அதற்குக் கையாண்ட வழி இன்றும் எண் கோட்பாட்டில் முக்கியமான கருவி. 1729 கதை எல்லோருக்கும் தெரியும்: 1³ + 12³, 9³ + 10³ என்று இரு விதமாக இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாகும் மிகச் சிறிய எண். அது அவர் வேலையின் ஓரத்தில் சிந்திய துளி.

நாமகிரித் தாயார் கனவுல வந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தது உண்மையா?

நாமகிரித் தாயார் ராமானுஜனின் குடும்பம் வணங்கிய அம்மன். தாயாரின் அருளால் வந்தது என்று அவரே சொன்னார், மனதார நம்பினார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சிறு வயதில் படித்த முக்கியமான புத்தகம் ஆயிரக்கணக்கான முடிவுகளை அதிக நிறுவல் இல்லாமல் அடுக்கிய ஒரு கையேடு. அதைப் பார்த்துப் பழகியதால் அவரும் விடையை மட்டும் எழுதினார். சிலேட்டு இன்னொரு காரணம். சிலேட்டில் அழிந்து போன வழிகளை நாம் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் மணிக்கணக்கான உழைப்பு இருக்கிறது.

முதன்மை எண்கள் பற்றி அவர் எழுதிய சில முடிவுகள் பிழை என்று ஹார்டி காட்டினார். அதனால்தான் நிறுவல் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருடைய நோட்டுகளில் இருந்த ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பிறகு வந்த கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து ஒவ்வொன்றாக நிறுவினார்கள். மிகப் பெரும்பாலானவை சரி. கடைசி வருஷத்தில் படுக்கையில் கிடந்தபடி எழுதிய தாள்கள் 1976ல்தான் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் கிடைத்தன.

எல்லாம் ஆம்பளைங்க பெயராவே இருக்கே. பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு வராதா?

கேட்டவர் கொழுந்து பறித்துவிட்டு நேராக மகளை அழைக்க வந்த ஓர் அம்மா. அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வராமல் இல்லை அக்கா, விடவில்லை. பிரான்சின் சோஃபி ஜெர்மேனுக்கு உயர் கல்வி நிறுவனத்தில் இடமில்லை. லெப்ளாங் என்ற ஆண் பெயரில் கடிதம் எழுதித்தான் பேராசிரியர்களிடமும் காஸிடமும் பேசினார். உண்மை தெரிந்ததும் காஸ் அவரை மேலும் மெச்சி எழுதினார். ரஷ்யாவின் சோஃபியா கோவலெவ்ஸ்காயா வெளிநாடு போய்ப் படிப்பதற்காகவே பெயரளவுக்கு ஒரு திருமணம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. குழந்தையாக இருந்தபோது அவர் அறைச் சுவரில் ஒட்டுவதற்குத் தாள் போதாமல், பழைய நுண்கணிதக் குறிப்புத் தாள்களை ஒட்டியிருந்தார்களாம். அவர் மணிக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு ஸ்டொக்ஹோமில் பேராசிரியரானார்.

எல்லோருக்கும் மேலாக எமி நோதர். 1882ல் ஜெர்மனியில் பிறந்தவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்பதால் பதவி கொடுக்காமல், பல வருஷம் ஹில்பேர்ட் என்ற ஆண் பேராசிரியரின் பெயரில் பாடம் நடத்தினார். சம்பளமும் இல்லை. 1918ல் அவர் நிறுவிய தேற்றம், இயற்கையின் விதிகள் நேரம் மாறினாலும் மாறாமல் இருப்பதிலிருந்தே சக்திக் காப்பு விதி பிறக்கிறது என்று காட்டியது. இன்றைய பௌதிகம் அதன்மேல் நிற்கிறது. நவீன அட்சரகணிதத்தின் உருவையும் மாற்றினார். யூதர் என்பதால் 1933ல் நாசிகள் வேலையிலிருந்து நீக்கினார்கள். அமெரிக்கா போய் 1935ல் இறந்தார்.

நம் காலத்திலும் இருக்கிறார்கள். கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014ல் பெற்ற ஈரானின் மரியம் மிர்சாகானிதான் அதைப் பெற்ற முதல் பெண். தரையில் பெரிய தாள்களை விரித்துக் கீறிக்கொண்டே யோசிப்பாராம். 2017ல் 40 வயதில் புற்றுநோயால் போனார். 2022ல் உக்ரைனின் மரினா வியாசோவ்ஸ்கா பெற்றார். கடையில் தோடம்பழத்தை நெருக்கமாக அடுக்குவதுபோல, 8 பரிமாண வெளியில் கோளங்களை எப்படி அடுக்கினால் மிக நெருக்கம் என்று நிறுவியவர். அந்த அம்மாவின் மகள் இப்போது தரம் 11ல் படிக்கிறாள்.

கணிதத்துக்கு ஏன் நோபல் பரிசு இல்லை? அவர் மனைவியை ஒரு கணித மேதை தட்டிக்கிட்டுப் போனதாலயாமே?

நோபல் கல்யாணமே செய்யவில்லை, ஆகவே அந்தக் கதை பொய். உயிலில் அவர் எழுதிய ஐந்து துறைகளில் கணிதம் இல்லை, அவ்வளவுதான். கணிதத்துக்கு 1936இலிருந்து ஃபீல்ட்ஸ் பதக்கம் இருக்கிறது. 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். 2003இலிருந்து ஏபெல் பரிசு, வயது எல்லை இல்லை. சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன் நிகழ்தகவில் செய்த வேலைக்காக 2007ல் ஏபெல் பரிசு பெற்றார்.

நம்ம நாட்டுத் தமிழர் யாரும் இல்லையா?

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் பெயரைத் தெரிந்து வையுங்கள். 1918ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற பௌதிக மேதை டிராக்கிடம் படித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். பிறகு மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கற்பித்தார். மலையகத்திலிருந்து யார் என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்றது என்பதை முதலில் நினையுங்கள்.

முடிவிலியிலயும் பெரிசு சின்னது இருக்குன்னு வீடியோவுல சொல்றாங்க. எப்படி?

இது உயர்தரப் பையன் கேட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூடைகளும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கூடை எடுத்த பிறகு கூடையும் மிஞ்சவில்லை, ஆளும் மிஞ்சவில்லை என்றால், எண்ணாமலே இரண்டும் சமம் என்று தெரியும். ஜெர்மனியின் ஜோர்ஜ் கன்டர் இதையே முடிவிலிக்கும் எடுத்துக்கொண்டார். 1, 2, 3 என்ற எண்களுக்கு 2, 4, 6 என்று ஆளுக்கொரு இரட்டை எண்ணைக் கொடுக்கலாம், எதுவும் மிஞ்சாது. ஆக இரண்டும் ஒரே அளவு.

ஆனால் 0க்கும் 1க்கும் இடையிலுள்ள தசம எண்களை இப்படி வரிசைப்படுத்தவே முடியாது. யாராவது முழு வரிசை என்று கொண்டு வந்தால், முதல் எண்ணின் முதல் இலக்கத்தை மாற்று, இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்தை மாற்று, இப்படியே போ. கிடைக்கும் எண் வரிசையில் எதோடும் பொருந்தாது. யூக்ளிட்டின் முதன்மை எண் நிறுவலைத் திரும்பப் பாருங்கள்: பட்டியலைக் கொண்டு வா, அதில் இல்லாததைக் காட்டுகிறேன் என்ற அதே போக்கு. கன்டரை அவர் காலத்தில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள், அவர் மனம் உடைந்து போனார். இன்று அவர் இல்லாமல் கணிதமே எழுத முடியாது.

இதெல்லாம் வாழ்க்கைக்கு என்ன பிரயோசனம்?

போனில் வங்கிப் பணம் அனுப்பும்போது உங்கள் இரகசிய எண் காக்கப்படுவதற்குப் பெரிதும் உதவும் ஒரு முறை 1977ல் வந்தது. இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கத்திலிருந்து அவற்றைப் பிரிப்பது மிகக் கடினம் என்பதுதான் அதன் பூட்டு. அதன் உள்ளே இருப்பது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவிய ஒரு தேற்றம். எண் கோட்பாட்டால் நடைமுறைப் பயன் இல்லை என்று ஹார்டி 1940ல் பெருமையோடு எழுதினார். நாற்பது வருஷம்கூட ஆகவில்லை, அந்த 1977 முறை வந்துவிட்டது.

வெப்பம் பரவுவதை ஆராய ஃபூரியே 1822ல் எழுதிய முறையின் உறவுக்காரமுறைதான் போன் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. 1854ல் ரீமான் வளைந்த வெளிகளுக்குக் கேத்திரகணிதம் செய்தபோது அது எதற்கென்று யாரும் கேட்டிருக்கலாம். 1915ல் ஐன்ஸ்டைனுக்கு அதுவே தேவைப்பட்டது. கணினி பிறக்கும் முன்பே, 1936ல், கணினியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்று அலன் டூரிங் எழுதிவிட்டார்.

முப்பது வயசுக்குள்ள சாதிக்கலைன்னா கணிதத்துல ஒன்னும் செய்ய முடியாதாமே?

இளமையில் இறந்தவர்களின் கதைகள் மனதில் நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. நோர்வேயின் ஏபெல், ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்று நிறுவி, 26 வயதில் காசநோயில் போனார். எந்தச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் இருக்கும், எதற்கு இருக்காது என்று முழுதாகத் திறந்து காட்டிய பிரான்சின் காலுவா 20 வயதில் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். ராமானுஜனைப் பற்றி மேலே சொன்னேன்.

ஆனால் ஆய்லர் கடைசி நாள்வரை வேலை செய்தவர். நூற்றாண்டுகளாக யாராலும் நிறுவ முடியாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் நிறுவி முடித்தபோது அவருக்கு வயது 41. யிடாங் சாங் என்ற சீனர் முனைவர் பட்டம் பெற்றும் சரியான வேலை கிடைக்காமல் சாண்ட்விச் கடையில் கணக்கெழுதினார். 2013ல், 50 வயது எப்போதோ தாண்டிய பிறகு, 7 கோடிக்குக் குறைவான இடைவெளியில் வரும் முதன்மை எண் சோடிகளுக்கு முடிவே இல்லை என்று நிறுவினார். அதுவரை அப்படி எந்த எல்லையும் யாருக்கும் கிடைத்திருக்கவில்லை.

எல்லாத்தையும் அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்களே, நமக்கு என்ன மிச்சம்?

நிறைய. உங்களுக்கு இப்போதே புரியக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1742ல் கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த கேள்வி: 2ஐ விடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணையும் இரண்டு முதன்மை எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா? 8 = 3 + 5. 20 = 7 + 13. கணினியில் 4க்குப் பின்னால் 18 பூச்சியம் போட்ட எண் வரை பார்த்துவிட்டார்கள், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அது போதாது. எல்லா எண்ணுக்கும் என்று ஆய்லராலும் நிறுவ முடியவில்லை, இன்று வரை யாராலும் முடியவில்லை.

100ஐ எத்தனை விதமாக எழுதலாம் என்று வகுப்பில் கேட்டேன். தரம் 9 பிள்ளை ஒருத்தி கொப்பியின் பின்பக்கத்தில் ஆறையும் பிடித்தாள்: 3 + 97, 11 + 89, 17 + 83, 29 + 71, 41 + 59, 47 + 53. வேறு இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, 50 வரையுள்ள ஒவ்வொரு முதன்மை எண்ணையும் எடுத்துப் பார்த்ததைக் காட்டினாள். இந்த வாரம் 200ஐ எடுத்திருக்கிறாள். 3 + 197, 7 + 193 வரை வந்திருக்கிறது.